எடுப்பது எளிது, நிறுத்துவதுதான் பாடு: பழத்தோலின் நிறமும் கிருமி எதிர்ப்பும்

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டன. ஆய்வகத்துக்குப் போன மாதிரிகளில் ரோடமின்-பி இருந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம் அது; உணவில் சேர்க்க எந்த அளவிலும் அனுமதி கிடையாது. பீட்ரூட் சாறு ஊற்றினால் முடிந்தது, இதற்குப் போய் ஏன் துணிச் சாயம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த இயந்திரத்தின் நடுக்கிண்ணத்தில் நடப்பதைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். சர்க்கரை உருகுவது 186 டிகிரி செல்சியஸ் வாக்கில். அந்தச் சூட்டில் பீட்ரூட்டின் சிவப்பு பழுப்பாகிவிடும். சாற்றிலுள்ள தண்ணீரோ சர்க்கரையை நூலாக இழுக்கவே விடாது. ரோடமின்-பி-யோ ஒரு சிட்டிகை போதும், சூட்டுக்கு அசையாது, விலையும் சல்லிசு. தள்ளுவண்டிக்காரர் அதைத் தேடிப் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

பழத்திலும் காயிலும் இருந்து நிறத்தை எடுப்பது பெரிய வித்தை இல்லை. நாவல்பழம் தின்ற பிள்ளையின் சட்டையே அதற்குச் சாட்சி. எடுத்த நிறம் சூட்டில் கருகாமல், வெளிச்சத்தில் வெளுக்காமல், புளிப்பிலும் பாலிலும் மாறாமல், மூல வாசனை ஒட்டாமல் ஆறு மாதம் பாட்டிலில் நிற்க வேண்டும். அதில்தான் தொழிலே இருக்கிறது. கிருமியைத் தடுக்கும் சேர்மங்களுக்கும் இதே கதைதான். அங்கே ஏமாற்றங்கள் இன்னும் அதிகம்.

ஏன் தோலில்?

பன்னீர் திராட்சையைப் பிதுக்கினால் உள்ளே வருவது வெளிர்பச்சைச் சதை. கறுப்பும் ஊதாவும் முழுக்கத் தோலில்தான். மாதுளையின் வெளித்தோல், வெங்காயச் சருகு, தக்காளியின் மெல்லிய தோல் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட இதே கணக்கு. செடியின் பக்கம் நின்று பார்த்தால் இதில் வியப்பில்லை. வெயில், பூச்சி, பூஞ்சை மூன்றும் முதலில் மோதுவது தோலின் மேல். பறவையைக் கூப்பிட வேண்டிய நிறமும், பூஞ்சையைத் தடுக்க வேண்டிய கசப்பும் துவர்ப்பும் அங்கேயே இருந்தாக வேண்டும்.

இரண்டும் பல நேரம் ஒரே பட்டறையில் தயாராகின்றன. ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கும் வேதிப்பாதை ஒன்று திராட்சைக்கு ஆந்தோசயனின் நிறமியையும் தருகிறது, துவர்க்கும் டானினையும் தருகிறது. போட்ரைடிஸ் என்ற சாம்பல்பூஞ்சை தாக்கினால் திராட்சைச் செடி ரெஸ்வெரட்ரால் என்ற சேர்மத்தைச் சுரக்கிறது. அதுவும் இதே பாதையின் கிளைதான். மாதுளை இன்னும் தெளிவான உதாரணம். அதன் தோலிலுள்ள பியூனிகலாஜின் உள்ளிட்ட டானின்கள் துணிக்கு மஞ்சள் ஏற்றவும் உதவுகின்றன, பாக்டீரியாவையும் தடுக்கின்றன. பழத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தோலும் சவ்வும் என்பதால், சாறு பிழியும் ஆலைகளில் மலைபோல் குவிவது இந்தச் சரக்குதான்.

இது நமக்குப் புதிதும் இல்லை. கலம்காரித் துணியை வரைவதற்கு முன் கடுக்காய் கலந்த எருமைப்பாலில் முக்கி எடுப்பார்கள். கடுக்காயின் டானின் நூலில் ஒட்டி, பின்னால் வரும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தமிழ்நாட்டின் பழைய தோல் பதனிடும் தொழிலில் வேறு வேலை பார்த்தன. டானின் தோலின் புரதத்தைக் கெட்டியாகப் பிணைத்துவிட்டால் பாக்டீரியாவால் அதைச் செரிக்க முடியாது, தோல் அழுகாது. ஒரே காய் ஓரிடத்தில் சாயத்துக்குத் துணை, இன்னோரிடத்தில் அழுகலுக்கு எதிரி.

தண்ணீரில் ஒரு கூட்டம், எண்ணெயில் ஒரு கூட்டம்

தாவர நிறமிகளில் உணவுக்கு உதவுபவற்றைப் பெரும்பாலும் நான்கு குடும்பங்களில் அடக்கலாம். ஆந்தோசயனினும் பீட்ரூட்டின் பீட்டாலைனும் தண்ணீரில் கரையும். தக்காளிச் சிவப்பு போன்ற கரோட்டினாய்டுகளும் பச்சையமும் எண்ணெய்ப் பக்கம். எந்தக் கரைப்பான், எந்தச் சூடு, எந்த உணவுக்கு ஏற்றது என்பதெல்லாம் இந்தப் பிரிவிலிருந்தே தொடங்கும்.

ஆந்தோசயனினின் குணத்தை அடுப்படியிலேயே பார்க்கலாம். ஊதா முட்டைக்கோஸை நறுக்கி வெந்நீரில் போட்டால் கத்தரிப்பூ நிறத்தில் சாறு இறங்கும். கொஞ்சத்தை எடுத்து எலுமிச்சை பிழிந்தால் நொடியில் ரோஜாச் சிவப்பு. இன்னொரு கிண்ணத்தில் ஆப்பசோடா போட்டால் நீலம், கூடிப்போனால் பச்சை. மூலக்கூறு ஒன்றுதான், அதைச் சுற்றியுள்ள புளிப்பு மாறினால் அதன் வடிவம் மாறுகிறது, நிறமும் மாறுகிறது. புளிப்பு மிகுந்த பானத்தில் பளீரென்று சிவக்கும் நாவல்பழச் சாறு, பாலில் ஊற்றினால் சாம்பல் கலந்த மங்கல் ஊதாவாகிப் பார்க்கவே பிடிக்காமல் போவது இதனால்தான். ஜூஸுக்குச் சரி, ஐஸ்கிரீமுக்குச் சரிவராது.

பீட்ரூட்டின் பீட்டாலைன் இந்த விஷயத்தில் பொறுமைசாலி. புளிப்பு முதல் நடுநிலை வரை, அதாவது பிஎச் 3 முதல் 7 வரை நிறம் பெரிதாக மாறாது. பாலும் இந்த எல்லைக்குள் வந்துவிடும். சூடு படாத, நடுநிலையான ரோஸ் மில்க்குக்கு இதைவிடப் பொருத்தமான தாவரச் சிவப்பு கிடைக்காது. ஆனால் அதற்குச் சூடு ஆகாது. பீட்ரூட் பொரியலை மூடி போட்டு நெடுநேரம் வேகவிட்டால் சிவப்பு போய்ப் பழுப்புத் தட்டுவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். கொஞ்சம் எலுமிச்சையோ புளியோ சேர்த்தால் நிறம் கூடுதலாக நிற்கும்.

பீட்ரூட்டுக்கு இன்னும் இரண்டு குறை உண்டு. ஒன்று மண்வாசனை. மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழுகிறதே, அந்த ஜியோஸ்மின் பீட்ரூட்டிலும் இருக்கிறது. வெனிலா ஐஸ்கிரீமில் அது எட்டிப் பார்த்தால் வாங்கியவர் திரும்ப வரமாட்டார். இன்னொன்று சர்க்கரை. சாற்றில் நிறமியைவிடச் சர்க்கரைதான் பல மடங்கு. அதனால் சில ஆலைகளில் ஈஸ்ட் விட்டு நொதிக்க வைத்துச் சர்க்கரையைத் தின்ன வைக்கிறார்கள், பிறகு வடிகட்டிச் சுண்ட வைக்கிறார்கள். ஐரோப்பாவில் இ162 என்ற எண்ணோடு விற்கும் பீட்ரூட் சிவப்பில் பெட்டானின் என்ற நிறமி குறைந்தது 0.4 சதவீதம் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. மீதி பெரும்பாலும் சர்க்கரை, உப்பு, புரதம். செயற்கைச் சாயத்தோடு இதை எடை போட்டால் கண் கட்டும். இந்திய விதிப்படி அனுமதி பெற்ற செயற்கைச் சாயங்களைப் பெரும்பாலான பண்டங்களில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் சேர்க்கக் கூடாது. அந்த 100 மில்லிகிராமே கண்ணைப் பறிக்கும். பீட்ரூட் பொடியைக் கிராம் கணக்கில் கொட்ட வேண்டும்.

கரோட்டினாய்டுகள் சூட்டுக்கு ஓரளவு தாங்கும். தக்காளித் தொக்கில் எண்ணெய் பிரிந்து மேலே வரும்போது சிவந்திருப்பது அதில் கரைந்த லைகோபீன். இவற்றின் பகை காற்றும் வெளிச்சமும். தண்ணீரில் கரையாததால் பானத்தில் சேர்க்க வேண்டுமென்றால் மிக நுண்ணிய துளிகளாக உடைத்துப் பால்மமாக்க வேண்டும். பச்சையத்தின் நிலைமை இன்னும் பாவம். அதன் நடுவில் மெக்னீசியம் அணு ஒன்று இருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்றுவிடும். கீரையில் புளி விட்டதும் பச்சை மங்குவது அதனால்தான். அந்த இடத்தில் செம்பைப் பொருத்திவிட்டால் பச்சை அசையாமல் நிற்கும். இ141 என்ற உணவு நிறம் அப்படிச் செய்ததுதான். இலையில் பிறந்து பட்டறையில் செம்பு பூண்ட இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று ஒவ்வொரு நாட்டு விதியும் ஒவ்வொன்று சொல்கிறது.

திராட்சைச் சக்கையிலிருந்து பொடி வரை

பழக்கழிவில் நிறம் எடுக்கும் தொழிலில் மூத்தது திராட்சைத்தோல். இத்தாலியில் 1879 முதலே எனோசியானினா என்ற பெயரில் விற்று வருகிறார்கள். ஒயின் பிழிந்தபின் எஞ்சும் சக்கை, திராட்சையின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. தோல், விதை, காம்பு எல்லாம் கலந்து ஈரமாக இருக்கும். பிழிந்த சக்கை அதே ஆலையில், அதே நாளில், ஒரே வகைப் பழமாகக் கிடைக்கிறது என்பதுதான் இந்தத் தொழில் நூற்றைம்பது வருடமாக நிற்பதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். வேதியியல் அதற்குப் பிறகுதான்.

நேரத்தோடு ஓட்டம் உடனே தொடங்கிவிடும். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதே பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதி சக்கையிலும் வேலையை ஆரம்பித்திருக்கும். நொதியை அடக்க ஒன்று ஆவியில் சட்டென்று சூடாக்க வேண்டும், அல்லது கந்தக டைஆக்சைடு கலந்த நீரில் ஊறப்போட வேண்டும். இரண்டாவது வழியில் ஒரு வேடிக்கை உண்டு. கந்தக டைஆக்சைடு நொதியை அடக்கும், நிறமியைத் தோலிலிருந்து வெளியே இழுக்கவும் உதவும், ஆனால் நிறமியோடு ஒட்டிக்கொண்டு அதை வெளுக்க வைத்துவிடும். தொட்டியைப் பார்த்தால் சாயம் போய்விட்டது போலிருக்கும். பின்னால் சூடும் வெற்றிடமும் கொடுத்து வாயுவை விரட்டினால் சிவப்பு திரும்பி வரும்.

ஆய்வகத்தில் அமிலம் கலந்த மெத்தனாலில் ஊறவைத்தால் அருமையாக இறங்கும். ஆனால் மெத்தனால் நச்சு. உணவுக்கு எடுப்பவர்கள் தண்ணீரையும் எத்தனாலையும் நம்பித்தான் பிழைப்பு நடத்த வேண்டும். இறங்கிய சாற்றில் சர்க்கரையும் அமிலமும் உப்பும் கலந்திருக்கும். அதைப் பிசின் மணிகள் நிரப்பிய குழாய் வழியே விட்டால் நிறமி மணிகளில் ஒட்டிக்கொள்ளும், சர்க்கரை நீரோடு போய்விடும். பிறகு எத்தனாலை ஊற்றினால் நிறமி கழன்று செறிவாக வரும். அதை வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் சுண்ட வைத்து, மால்டோடெக்ஸ்ட்ரின் மாவு கலந்து வெந்காற்றில் தெளித்தால் நொடியில் உலர்ந்து பொடியாக விழும். பொடியின் ஒவ்வொரு துகளிலும் மாவு நிறமியைச் சுற்றிப் போர்வை போட்டிருக்கும். காற்றும் ஈரமும் அதைத் தாண்டித்தான் நிறமியைத் தொட வேண்டும்.

இத்தனை செய்தபின்னும் எதிர்பாராத இடத்தில் அடி விழும். பழச்சாறு விற்பவர்கள் பெருமைக்காகச் சேர்க்கும் வைட்டமின் சி ஆந்தோசயனினைச் சிதைக்கும். ஆந்தோசயனினும் பதிலுக்கு வைட்டமினைச் சிதைக்கும். இரண்டையும் ஒரே பாட்டிலில் போட்டுக் கடை அலமாரியில் வெளிச்சத்தில் வைத்தால் சில வாரங்களில் சிவப்பு வெளிறிவிடும். அதனால் பெரிய நிறுவனங்கள் திராட்சையைவிட ஊதா முட்டைக்கோஸையும் கறுப்புக் கேரட்டையும் விரும்புகின்றன. அவற்றின் ஆந்தோசயனினில் கூடுதலாகச் சில அமிலக் கிளைகள் ஒட்டியிருக்கும். அந்தக் கிளைகள் மூலக்கூறின் மேல் மடிந்து படிந்து அதைக் காக்கின்றன. நாவல்பழத்தின் நிறமியில் பெரும்பாலும் அந்தக் கிளைகள் இல்லை. நம் ஊரில் மரத்தடியில் உதிர்ந்து வீணாகும் நாவல்பழம் ஏன் இன்னும் நிறத் தொழிற்சாலைக்குப் போகவில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

எண்ணெய்ப் பக்க நிறங்களுக்கு வழி வேறு. கேரளத்தின் கோலஞ்சேரியில் 1972-இல் தொடங்கிய சிந்தைட் போன்ற ஆலைகளால் இந்தியா மசாலாப் பிழிவுகளில் உலகச் சந்தையின் பெரும் புள்ளியாக இருக்கிறது. கர்நாடகத்தின் பேடகி மிளகாய்க்குக் காரம் குறைவு, சிவப்பு அதிகம். அரைத்து ஹெக்சேனில் ஊறவைத்தால் நிறமும் காரமும் எண்ணெயும் கரைந்து வரும். ஹெக்சேன் 69 டிகிரியில் கொதித்துப் போய்விடும், அடியில் கெட்டியான சிவப்புப் பிழிவு நிற்கும். இதுதான் ஒலியோரெசின். ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து வருவது. கொஞ்சமும் மிஞ்சாமல் விரட்ட முடியாது. அமெரிக்க விதி மசாலா ஒலியோரெசினில் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) வரை மிஞ்சலாம் என்கிறது.

அதற்கு மாற்றாகப் பேசப்படுவது கார்பன் டைஆக்சைடு. 31 டிகிரிக்கு மேல் சூடும் 74 பாருக்கு மேல் அழுத்தமும் கொடுத்தால் அது வாயுவும் இல்லாத, திரவமும் இல்லாத ஒரு நிலைக்குப் போகும். வாயுபோல எல்லா இடுக்கிலும் நுழையும், திரவம்போலக் கரைக்கும். அழுத்தத்தைத் தளர்த்தினால் பறந்துவிடும், எச்சம் ஏதும் இல்லை. சூடும் குறைவு. எண்ணெய் விரும்பும் கரோட்டினாய்டுக்கு அருமை. தண்ணீர் விரும்பும் ஆந்தோசயனினை எத்தனால் சேர்க்காமல் அதால் தொடக்கூட முடியாது. அந்த அழுத்தத்தைத் தாங்கும் எஃகுக் கலனின் விலை சின்ன ஆலைக்குக் கட்டாது.

மீயொலி, மைக்ரோவேவ், மின்துடிப்பு என்று பிழியும் முறைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். இரண்டு மணி நேர வேலை இருபது நிமிடத்தில் முடிகிறது என்பார்கள். முடியட்டும். ஈரச் சக்கையில் பெரும்பகுதி தண்ணீர், அதைச் சுண்ட வைக்கும் எரிபொருள் செலவுதான் ஆலையின் கழுத்தைப் பிடிக்கிறது. பிழியும் நேரத்தைக் குறைத்து அந்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது.

நீலம் தனிக் கதை. செடிகளில் நல்ல நீலம் அபூர்வம். 2021-இல் சாக்லேட் செய்யும் மார்ஸ் நிறுவனமும் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழு, ஊதா முட்டைக்கோஸில் மிகக் குறைவாக உள்ள ஒரு ஆந்தோசயனினுடன் அலுமினியத்தைச் சேர்த்தால் செயற்கை நீலத்துக்கு நிகரான நிறம் வருவதைக் காட்டியது. மற்ற ஆந்தோசயனின்களை அதுவாக மாற்ற ஒரு நொதியையும் வடிவமைத்தது. அதே வருடம் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சங்குப்பூச் சாற்றை உணவு நிறமாக அனுமதித்தது. நம் வேலியில் படரும் அதே சங்குப்பூதான்.

கிருமிக்கு எதிராக: தட்டில் ஒன்று, சட்டியில் ஒன்று

நுண்ணுயிரியல் படித்த யாரைக் கேட்டாலும் ஏதாவது ஒரு இலையையோ தோலையோ கிருமிக்கு எதிராகச் சோதித்த அனுபவம் இருக்கும். கண்ணாடித் தட்டில் அகர் என்ற கடற்பாசிக் கூழை ஊற்றி, பாக்டீரியாவைப் பூசி, சாற்றில் நனைத்த சின்னக் காகித வட்டத்தை நடுவில் வைப்பார்கள். மறுநாள் வட்டத்தைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் இருந்தால் அதன் அகலத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். மாதுளைத்தோல், மாங்கொட்டைப் பருப்பு, வெங்காயச் சருகு, திராட்சை விதை எல்லாமே இந்தச் சோதனையில் வளையம் காட்டும்.

வளையத்தை மட்டும் நம்பினால் கதை கந்தல். அது கிருமியைக் கொல்லும் வலிமையை மட்டும் காட்டுவதில்லை. அந்தச் சேர்மம் அகரில் எவ்வளவு தூரம் பரவியது என்பதையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. பெரிய டானின் மூலக்கூறு வலிமையாக இருந்தும் நகர முடியாமல் சின்ன வளையம் காட்டலாம். சாற்றில் உள்ள வெறும் புளிப்போ மிஞ்சிய எத்தனாலோ பெரிய வளையம் போட்டு ஏமாற்றலாம். அதனால்தான் வளர்ச்சியை நிறுத்தக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று நீரில் படிப்படியாகக் கரைத்துப் பார்ப்பது அவசியம். அப்படிப் பார்த்தால் பெரும்பாலான பழச்சாறுகளுக்கு வேண்டிய அளவு, ஒரு ஆன்டிபயாட்டிக்குக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு அதிகம்.

கிருமிக்குக் கிருமி வேறுபாடும் உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ், லிஸ்டீரியா போன்றவை பொதுவாக எளிதில் மடங்கும். ஈ.கோலை, சால்மொனெல்லா போன்றவற்றுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு இருப்பதால் ஃபீனால் சேர்மங்கள் உள்ளே நுழையத் திணறும். வயிற்றுப்போக்கு என்றதும் நாம் பயப்படுவது இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான்.

அடுத்து உணவே குறுக்கே நிற்கும். டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவது ஏன்? டீயின் டானின்கள் பாலின் கேசீன் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. மாதுளைத்தோல் சாற்றைத் தயிரிலோ கறியிலோ சேர்த்தாலும் இதேதான் நடக்கும். தட்டில் பாக்டீரியாவைத் தடுத்த டானின், சட்டியில் கறியின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதை ஈடுகட்ட அளவைக் கூட்டினால் கறி வாயில் வைக்க முடியாமல் துவர்க்கும். நறுமண எண்ணெய்களும் அப்படித்தான். ஆரஞ்சுத்தோலின் எண்ணெய் கொழுப்பில் போய்க் கரைந்துவிடும், பாக்டீரியா இருக்கும் ஈரப் பகுதியில் மிஞ்சுவது சொற்பம்.

பூண்டின் கதை இன்னும் சுவையானது. முழுப் பல்லில் கிருமிக்கொல்லி என்று சொல்லும்படி பெரிதாக ஏதுமில்லை, வாசனையும் இல்லை. ‘அல்லியின்’ என்ற சேர்மம் பூண்டின் ஓர் அறையில், அல்லினேஸ் நொதி வேறோர் அறையில். நசுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் கலந்து நொடிகளில் அல்லிசின் பிறக்கிறது. பூண்டுச் சாறு பாக்டீரியாவைத் தடுப்பதை 1858-இலேயே லூயி பாஸ்டர் குறித்துவைத்தார். 1944-இல் கவலிட்டோவும் பெய்லியும் அல்லிசினைப் பிரித்தெடுத்தார்கள். ஈ.கோலை உட்படப் பலதையும் இது தாக்கும். ஆனால் ஆயுள் குறைவு. அறைச் சூட்டில் தானே சிதைந்துபோகும். முழுப் பூண்டை வேகவைத்தால் நொதி செத்துவிடும், அல்லிசின் பிறக்கவே பிறக்காது.

கிருமிகளைக் கொல்லும் பூண்டு தானே கெடாது என்று நம்பியதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு, பாக்டீரியாவின் நச்சு நரம்பைத் தாக்கும் பொட்டுலிசம் என்ற நோய் வந்தது. காரணம், சோயா எண்ணெயில் போட்டு, குளிர்ப்பெட்டியில் வைக்காமல் விட்ட நறுக்கிய பூண்டு. எண்ணெய் காற்றை அடைத்தது, பூண்டில் புளிப்பு இல்லை, அந்த நச்சைச் சுரக்கும் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினத்துக்கு அதைவிட வசதியான வீடு கிடைக்காது. பின்னர் இப்படிப்பட்ட சரக்கில் அமிலம் சேர்த்தாக வேண்டும் என்று அமெரிக்காவில் கட்டாயமாக்கினார்கள். நம் பூண்டு ஊறுகாயில் புளியும் எலுமிச்சையும் உப்பும் தாராளமாக இறங்குவது நாக்குக்காக மட்டும் இல்லை. அதன் காவல் பெரும்பாலும் அந்தப் புளிப்பிலும் உப்பிலும்தான் இருக்கிறது.

இதைவிடக் கூத்து பம்ப்ளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட் விதைச் சாற்றில் நடந்தது. எல்லாக் கிருமியையும் கொல்லும் இயற்கை மருந்து என்று மேலைநாடுகளில் கொடிகட்டிப் பறந்தது அது. 1999-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் கடையில் விற்ற ஆறு சாறுகளைச் சோதித்தார்கள். ஐந்தில் பென்செத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி இருந்தது. செயற்கைப் பொருள் ஏதும் இல்லாத ஆறாவது சாறு எந்தக் கிருமியையும் ஒன்றும் செய்யவில்லை. 2001-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்களும் வணிகச் சாறுகளில் இதே சேர்மத்தைக் கண்டார்கள்.

நேர்மாறான கதை செலரி என்ற மேலைநாட்டுக் கீரையுடையது. பன்றிக்கறியைப் பதப்படுத்த நைட்ரைட் உப்பு போடுவார்கள். அது பொட்டுலினத்தைத் தடுக்கும், கூடவே கறிக்கு இளஞ்சிவப்பு நிறத்தையும் தரும். நைட்ரைட் என்ற பெயருக்கே மக்கள் முகம் சுளிக்கவும், நிறுவனங்கள் செலரிப் பொடிக்கு மாறின. செலரியில் இயல்பாகவே நைட்ரேட் மிகுதி. பாக்டீரியா வளர்ப்பைச் சேர்த்தால் அது நைட்ரைட் ஆகிவிடும். பிறகு நைட்ரைட் சேர்க்கவில்லை என்று பெரிய எழுத்திலும், செலரியில் இயல்பாக உள்ளது நீங்கலாக என்று சின்ன எழுத்திலும் அச்சிடலாம். கறியில் இருப்பது அதே மூலக்கூறு. காய்கறிச் சாறுகளில் உண்மையாகவே வேலை செய்யும் பதப்படுத்தி ஒன்றைக் காட்டு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். அதை நைட்ரைட் இல்லாத கறி என்று விற்பதை மட்டும் ஏற்க முடியாது.

பழச் சேர்மங்களுக்கு இடமே இல்லை என்றும் ஆகிவிடாது. தனியாளாகக் கோட்டையைக் காக்கச் சொல்லாமல், புளிப்பு, உப்பு, குளிர் ஆகியவற்றோடு இன்னொரு தடையாக நிறுத்தினால் குறைந்த அளவே போதும். வெட்டிய பழத்தின் மேல் மெல்லிய பூச்சாகவும், பொதியும் படலத்தில் கலந்தும் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். அங்கே சாறு கறிக்குள் கலப்பதில்லை, கிருமி தொடும் மேற்பரப்பில் மட்டும் நிற்கிறது. ஆந்தோசயனினின் நிலையாமைகூட அங்கே உதவிக்கு வருகிறது. மீன் கெடத் தொடங்கினால் காரத்தன்மையுள்ள அமீன் வாயுக்கள் கிளம்பும். ஊதா முட்டைக்கோஸ் சாறு கலந்த படலம் அதைத் தொட்டதும் சிவப்பிலிருந்து நீலப்பச்சைக்கு மாறும். இன்னும் பெரும்பாலும் ஆய்வக மட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் யோசனை கெட்டிக்காரத்தனமானது.

யார் விளைவிப்பது?

தேவை மட்டும் வேகமாக ஏறுகிறது. ஆறு செயற்கைச் சாயங்களைப் பிள்ளைகளின் துறுதுறுப்போடு தொடர்புபடுத்திய 2007-ஆம் வருட பிரிட்டன் ஆய்வுக்குப் பிறகு, 2010 முதல் ஐரோப்பாவில் அந்தச் சாயங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயம். அமெரிக்காவில் ரெட்-3 என்ற எரித்ரோசினுக்கான அனுமதியை 2025 ஜனவரியில் ரத்து செய்தார்கள். 2027 ஜனவரி 15-க்குள் உணவுகளிலிருந்து அது போக வேண்டும். மற்ற பெட்ரோலியச் சாயங்களையும் கைவிடச் சொல்லி அழுத்தம் வருகிறது. கேக், மிட்டாய், தானிய நொறுக்கு எல்லாவற்றுக்கும் வேண்டிய சிவப்பும் மஞ்சளும் நிலத்திலிருந்து வந்தாக வேண்டும்.

இந்த இடத்தில் கோயம்பேட்டுக் குப்பையைக் காட்டி, பழக்கழிவிலிருந்தே எல்லாம் எடுக்கலாமே என்று பேசுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. சந்தைக் கழிவு கலந்தும் அழுகியும் வரும், ஒரு நாள் போல் மறுநாள் இருக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து மருந்துத் தெளிப்பு. திராட்சைக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லி விழுவதும் தோலின் மேல்தான். நிறத்தைச் செறிவாக்கும் அதே வேலை எச்சத்தையும் செறிவாக்கிவிடலாம். ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்காமல் விற்க முடியாது. திராட்சைத்தோல் போலச் சில விலக்குகள் தவிர, சந்தையில் ஜெயித்த நிறங்களெல்லாம் அதற்கென்றே விளைவித்தவை: கறுப்புக் கேரட், நிறத்துக்கான மிளகாய், செண்டுமல்லி.

செண்டுமல்லி காயோ கனியோ இல்லை, ஆனாலும் இந்தத் தொழிலின் கணக்கு தமிழ்நாட்டில் தெளிவாகத் தெரிவது அதில்தான். சத்தியமங்கலம் பக்கம் ஆலைகளோடு ஒப்பந்தம் போட்டு இதைப் பயிரிடுகிறார்கள். ஆரஞ்சுப் பூவைப் பதப்படுத்தி, உலர்த்தி, ஹெக்சேனில் பிழிந்தால் லூட்டின் என்ற மஞ்சள் நிறமி நிறைந்த ஒலியோரெசின் வரும். அது கண்ணுக்கான மாத்திரையிலும் போகிறது, முட்டையின் மஞ்சள்கரு நன்றாக மஞ்சளாக இருக்கக் கோழித் தீவனத்திலும் போகிறது. ஆலைக்கு வேண்டியது வருடம் முழுக்க நிலையான வரத்தும் நிலையான விலையும். விவசாயிக்கு அருகிலேயே பூச்சந்தை இருக்கிறது. சாதாரண நாளில் ஒப்பந்த விலை தேவலாம் என்று தோன்றும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் சந்தையில் கிலோ விலை எகிறினால், ஆலை லாரி வருவதற்கு முன்பே பூ மாலைக் கட்டுக்குப் போய்விடும். அந்த வாரத்தில் நிறத் தொழிற்சாலையின் போட்டியாளர் செயற்கைச் சாயம் செய்பவர் இல்லை, பூக்கடைக்காரர்தான்.